கச்சானும் கடலையும்

அந்த ஹோட்டலில் தேநீர் நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனை விட்டு வெளியே போனால் வெந்நீரில் பாலை ஊற்றித் தேநீர் என்று நீட்டுவார்கள், அங்கே அப்படியில்லை. வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதில் பன்னிரண்டே அறைகளோடு ஒரு பழைய கல்வீடு. பூட்டிக் ஹோட்டல் என்று தர்ஷினி சொன்னாள். பூட்டிக் என்றால் சேலைக்கடை என்றுதான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

தர்ஷினி என் தம்பி ஜெஸ்ரினின் மனைவி. சிங்கப்பூர்ப் பிள்ளை. இங்கே படிக்க வந்து, வேலையும் எடுத்து, என் தம்பியையும் எடுத்துக்கொண்டவள். நான் மேரிறோஸ். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் கட்டவில்லை, லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை. தம்பிக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது மன்னாரில் அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதும், லண்டனுக்குக் கூப்பிட்டதும், படிப்பித்ததும் நான்தான். இதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது, உப்பைத் தின்றவர் தாமாக நினைக்க வேண்டிய விஷயம்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, பெனிற்றா. நான்கு வயது. என்னை மாமி என்பாள். "அத்தைன்னு சொல்லும்மா" என்று தர்ஷினி திருத்துவாள். அவர்கள் பக்கம் அப்பாவின் அக்கா அத்தையாம். எங்கள் பக்கம் மாமி. பிள்ளை கடைசிவரை மாமி என்றே கூப்பிட்டாள். ஞாயிறு பூசையில் என் மடியில்தான் இருப்பாள். சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போது என் செபமாலையைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போவாள். அவளை நினைக்காத நாள் எனக்கில்லை. இதை எழுதும்போதும் அழுகிறேன். அதை ஒளிக்க வேண்டிய தேவையில்லை.

நடந்ததெல்லாம் ஒரு சொல்லில் இருந்து வந்தது. மார்ச் மாதம் பாலர் பள்ளியில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்று பெனிற்றாவின் உதடு வீங்கியது. ஆஸ்பத்திரியில் சோதித்து அலர்ஜி என்றார்கள். அன்று பின்னேரம் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, பாப்பாவுக்குக் கடலை ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே கடலை எதுவும் குடுத்துடாதீங்க."

"ஓம் பிள்ளை, குடுக்கமாட்டன்" என்றேன்.

எங்கள் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அவள் சொன்னது நிலக்கடலையை. அதற்கு எங்களிடம் கச்சான் என்று தனிப் பெயர் இருக்கிறது. ஆகவே நான் சுண்டல் அவிப்பதை நிறுத்தினேன். கடலைமா வைத்திருந்த தகரப் பேணியைக் கீழ் வீட்டுப் பியற்றிஸிடம் கொடுத்தேன். பிள்ளை வரும் நாட்களில் கையை இரண்டு தரம் கழுவினேன். தம்பியோ, மனைவி விளங்கப்படுத்திவிட்டாள் என்று இருந்துவிட்டான். அந்த இரண்டு மாதமும் நான் உண்மையாகவே பிழையாகத்தான் விளங்கியிருந்தேன். பின்னால் கேட்டவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மே மாத விடுமுறைக்கு, "நீங்களும் வாங்கோ அக்கா, பெனிக்குச் சந்தோசமா இருக்கும்" என்று தம்பி கூப்பிட்டான். அவனுக்குப் பிடிக்குமென்று கச்சான் போட்டு அல்வா கிளறி ஒரு பேணியில் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கென்றே நடத்துகிற ஹோட்டல் அது. வாசலில் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சின்னச் சின்ன மழைச் சப்பாத்துகள், பின்பக்கம் பிள்ளைகள் தீன் போடக் கோழிகள், ஐந்து மணிக்குக் குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாடு. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக எங்கும் படம்தான். முதல் நாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் பெனிற்றா இருக்கும் கதிரையில் ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். மேலே அவள் பெயர், கீழே ஒரு படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நடுவில் ஒடுங்கிய கோது, அதன்மேல் வலை வலையாய்க் கோடுகள். கச்சான்.

அல்வாவை அப்போதே குப்பையில் போட்டிருக்கலாம். போடவும் நினைத்தேன். ஆனால் தம்பிக்கென்று இரண்டு மணித்தியாலம் நின்று கிளறியது. பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தர்ஷினியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டிக்குக்குச் சிரித்ததுபோல் இதற்கும் சிரிப்பார்கள். வந்த இடத்தில் ஒரு சிரிப்புப் போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் தம்பி கரண்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும். ஆகஸ்ட்டில நாங்கள் சிங்கப்பூருக்குப் போறம். அங்கயே இருக்கப் போறம்."

"எத்தினை நாளைக்கு?" என்று கேட்டேன். அங்கேயே இருக்கப் போகிறோம் என்றவனிடம் கேட்கிற கேள்வியில்லை அது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

தர்ஷினி என் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்கு உடம்பு முடியல அக்கா. நான் ஒரே பொண்ணு. நீங்க வருஷா வருஷம் கண்டிப்பா வரணும்."

அதற்குத்தான் இந்த மலையும் கோழியும் தேநீரும். ஆட்டுக்கும் மாலை போட்டுத்தானே கூட்டிப்போவார்கள். "நல்லது பிள்ளை, பெத்தவையைப் பாக்கத்தானே வேணும்" என்றேன். என் மனது அப்போது எப்படி இருந்தது என்று ஒருவரும் பின்னால் கேட்கவில்லை. அம்மா செத்த அன்று தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்தக் கை வெறுமையாகப் போகிறது என்று பட்டது. அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு இருவரும் அருவி பார்க்க ஏறினார்கள். பெனிற்றா என்னோடு நின்றாள். தர்ஷினி பிள்ளையின் அலர்ஜிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் ஊசிப் பேனாவை மேசையில் வைத்தாள். "மூச்சு வாங்கினா இதைத் தொடையில குத்தணும் அக்கா. குத்தின கையோட ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடணும்." லண்டனிலேயே இரண்டு தரம் செய்து காட்டியிருந்தாள், பாவம்.

"நீர் போயிட்டு வாரும் பிள்ளை. நான் பாக்கிறன்" என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். உதடு கொஞ்சம் வீங்கும், பாலர் பள்ளியில் வீங்கியதுபோல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார்கள். இவளைத் தெரிந்த டாக்டர்மார் இங்கே இருக்க, அறியாத ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றும். ஒரு வருடமாவது தள்ளிப்போடுவான். பிழை யாருடையது என்று பார்த்தால் கடலை என்று சொன்னவளுடையது. யாருக்கும் பெரிய நட்டமில்லை. பேணியைத் திறந்து நகத்தளவு துண்டு ஒன்று கொடுத்தேன். "மாமி, இன்னும்" என்றாள். கொடுத்தேன்.

உதடு வீங்கியது. அதோடு நிற்கும் என்று இருந்தேன். அவள் கழுத்தைச் சொறிந்தாள், இருமினாள், பிறகு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேனாவைக் கையில் எடுத்தேன், மூடியையும் கழற்றினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கச்சானில் ஒரு கெடுதியுமில்லை என்று நம்பிக் கொடுத்த ஒருத்திக்கு இந்தப் பேனா ஞாபகத்துக்கு வராது. பிள்ளைக்குப் புரைக்கேறிவிட்டது என்றுதான் நினைப்பாள். முதுகைத் தடவுவாள், தண்ணீர் பருக்குவாள். நான் மூடியைப் போட்டு, பேனாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். முதுகைத் தடவினேன். தண்ணீர் பருக்கினேன். சுவர் மணிக்கூட்டில் பதினொரு நிமிடம் போனது. அதன்பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக் கத்தினேன். வரவேற்பு மேசைப் பெண் பிள்ளையைக் கண்டதுமே பேனா எங்கே என்று கேட்டு, ஓடிப்போய் எடுத்துவந்து குத்தினாள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர முக்கால் மணித்தியாலம். பெனிற்றா அதுவரை காத்திருக்கவில்லை.

விசாரணைக்கு மொழிபெயர்க்க யனுஷன் என்று ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை வந்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலை வேறு, கச்சான் வேறு என்று விசாரித்த அதிகாரிக்கு அவனே விளங்கப்படுத்தினான். தர்ஷினியையும் கேட்டார்கள். "ஆமா, நான் கடலைன்னுதான் சொன்னேன். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள். ஒரு சொல்லால் வந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். கதிரையில் கட்டியிருந்த அட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்து எட்டு நாளைக்குத் தம்பியும் தர்ஷினியும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். ஒன்பதாம் நாள் தம்பி அவளிடம், "ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்ல ஏலாமப் போச்சே உமக்கு" என்றானாம். அக்டோபரில் அவள் தனியாகச் சிங்கப்பூருக்குப் போனாள். தம்பி என்னிடம் வந்துவிட்டான்.

இரண்டு வருடமாகிறது. வேலைக்குப் போகிறான், வருகிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். ஒருநாள்கூடச் சிரித்துக் காணவில்லை. சில நேரம் சாப்பாட்டின் நடுவில் கை நின்றுவிடும். நான் "தம்பி" என்றதும் மறுபடி சாப்பிடுவான். நான் பிடித்துவைக்க நினைத்தது இவனை இல்லை. ஆனால் கிடைத்தது இவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது தர்ஷினி போன் எடுத்தாள். அன்று பெனிற்றாவின் பிறந்தநாள். நெடுநேரம் அழுதாள்.

"நான் மட்டும் அன்னைக்குச் சரியாச் சொல்லியிருந்தா பாப்பா இருந்திருப்பா அக்கா. உங்க கையால குடுக்க வச்சிட்டேன். அந்தப் பாவம் உங்களுக்கும் சேர்த்து என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டன் பிள்ளை. இனி அழாதையும்" என்றேன்.

அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.