பன்னிரண்டாவது ஆள்

— அந்த வேட்டி எனக்கு வேணாம் தங்கச்சி. எடுத்துக்கிட்டுப் போயிரு.

— என்னா சின்னப்பண்ணே, இப்புடிச் சொல்றீங்க? சாயங்காலம் பெரிய வியாழன் பூசை. சாமியாரு பாதங் கழுவப் போற பன்னெண்டு பேருல நீங்க ஒருத்தரு. இந்தக் கிழிசலோடயா போயி காலை நீட்டுவீங்க?

— நான் ஒக்காரப் போறதா இல்ல.

— அது அவுக எடம்ணே. எங்க வீட்டுக்காரரு எட்டு வருசம் ஒக்காந்த எடம். புயலுக்குப் பொறவு, குடிகாரன் காலைச் சாமியாரு தொடக்கூடாதுன்னு ஊரே சேந்து எந்திரிக்க வச்சுச்சு. அந்த வருசமே செத்துப் போனாக. அப்பறம் யாரு யாரோ ஒக்காந்தாக. இந்த வருசம் நீங்கன்னு கோயில்பிள்ளை சொன்னதும் மனசு ஆறிப்போச்சு. யோக்கியமான மனுசன் ஒக்காருறாருன்னுதான் அவுக வேட்டியவே தொவச்சுக் கொண்டாந்தேன்.

— யோக்கியன்னு சொல்லாத. காது கூசுது.

— ஆறு வருசமா கோயில்ல கடைசியில, செருப்புக் கெடக்குற எடத்துலதான முட்டி போடுறீங்க? பூசையில அப்பம் குடுக்கையில நன்மை வாங்கக்கூட முன்னால வாரதில்ல. எம்புட்டுத் தாழ்ச்சி பாருங்கன்னு ஊரே சொல்லுது.

— தாழ்ச்சி இல்ல அடைக்கலமேரி, பயம். பாவத்தை உள்ள வச்சுக்கிட்டு நன்மைக்கு நாக்கை நீட்ட முடியல. நேத்துதான் சாமியாருகிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். யாருக்குக் கெடுதல் பண்ணுனியோ அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுன்னாரு சாமியாரு. நானே ஒன் வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நீ வந்து நிக்கிற.

— எனக்கு என்னாண்ணே கெடுதல் பண்ணுனீங்க?

— அம்பத்தஞ்சு புயல்ல கம்மா ஒடஞ்சுச்சே.

— அதை மறக்க முடியுமா? கீழத்தெரு முழுக்கப் போச்சு. நாகராசு மகளை மூணாம் நாளு முள்ளுக்காட்டுல இருந்து பொணமா எடுத்தாக. அன்னைக்குக் கரைக்காவல் அவுகதான். குடிச்சுட்டுத் தூங்கிட்டான், தண்ணி ஏறுனது தெரியலன்னு...

— மச்சான் தூங்கல.

— என்னாண்ணே?

— மிச்சத் தண்ணி வெளிய போற கலுங்கை நான்தான் பலகை போட்டு அடச்சேன். தண்ணி தங்குனா என் வயலு தையில வெளையும்னு ஆசை. மழை விட்டதும் எடுத்துரலாம்னு இருந்தேன். மழை விடல. அங்கிட்டுப் போகப் பயந்து வீட்டுக்குள்ளயே கெடந்தேன். போக வழியில்லாம தண்ணி கரையப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு, பலகையும் அதோட போச்சு. மச்சான் மேல பழி விழுந்துச்சு. நான் வாயத் தொறக்கல.

— அடப்பாவி!

— சொல்லு. இன்னும் சொல்லு.

— அடப்பாவி மனுசா! சோறு எறங்காமச் செத்தாகளே! கஞ்சிக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு, "நான் தூங்கல மேரி, நான் தூங்கல மேரி"ன்னு பொலம்பிக்கிட்டே போனாகளே!

— இன்னைக்குப் பூசைக்கு முன்னால எல்லாரும் இருக்கையில சொல்லப்போறேன். நாகராசு வெட்டுனா வெட்டட்டும்.

— ஆனியில ஒங்க மகளுக்குக் கல்யாணமாச்சே. கீரமங்கலத்து மாப்பிள்ளை வீடு இதைக் கேட்டா நிக்குமா?

— காலையில அவகிட்டயும் சொல்லிட்டேன். "சொல்லிருங்கப்பா"ன்னுட்டு அடுப்படிக்குள்ள போனவ, இன்னும் வெளிய வரல.

— இம்புட்டையும் போட்டு ஒடச்சுட்டு நீங்க எப்புடி நிக்கிறீங்க?

— அதான் எனக்கும் புரியல. நேத்து வரைக்கும் எலை அசைஞ்சாக்கூட என்னையத் தேடி ஆளு வருதுன்னு பயம். ஒன்கிட்டச் சொன்ன இந்த நிமிசம் பயம் போயிருச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, நெஞ்சு அமைதியாக் கெடக்கு. நீ மன்னிக்க வேணாம் தங்கச்சி. நான் அதுக்காகச் சொல்லல.

— கொடுத்து வச்சவருண்ணே நீங்க.

— ஏன் அப்புடிச் சொல்ற?

— இந்தாங்க, வேட்டியக் கட்டிக்கிட்டுப் போங்க. போயிச் சொல்லுங்க.

— ஒன்னு மட்டும் கேக்குறேன். மச்சான் சாராயத்தைக் கையாலயும் தொடாத ஆளு. குடிச்சாருன்னு ஊரு எப்புடி நம்புச்சு?

— போங்கண்ணே. நீங்க சொல்றதைக் கேக்க நான் உசுரோட இருக்கேன். எனக்கு ஆளு இல்ல.

— என்ன மேரி சொல்ற?

— அவுக குடிச்சிருந்தாகளான்னு ஊருக்கூட்டத்துல என்னையத்தான் கேட்டாக. எல்லாரு கையிலயும் கம்பு. எங்க வீட்டுக்காரரு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. "குடிச்சிருந்தாலும் இருந்திருப்பாக, எனக்குத் தெரியாது"ன்னு நான்தாண்ணே சொன்னேன்.