அளவு மாறாத பேன்ட்

— ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளுற. யாருக்குடா ஆக்கி வச்சேன், சுவருக்கா?

— வயிறு மந்தமா இருக்குக்கா. உப்பில்லாம நீ ஆக்குறதும் சுவருக்குப் பூசுற மாதிரிதான் இருக்கு.

— வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல. காலையில ஆஸ்பத்திரி வராந்தாவுல நடக்கச் சொன்னாங்களே, அங்க காட்டியிருக்கணும் இந்த வீராப்பை. பாதியிலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன.

— மூச்சு வாங்குச்சு, நின்னேன். இதயம் கெட்டவன் ஓடுவானா?

— டாக்டர் என்கிட்ட சொல்றார், இதயம் மட்டுமில்லம்மா, தொடையில சதையே இல்ல, தேறி வந்தாத்தான் ஆபரேஷன், இல்லைன்னா தாங்கமாட்டார்னு. நீ என்னடான்னா சிரிக்கிற!

— பின்ன? எடை அப்படியேதானே இருக்கு?

— அது உன் கால்ல கோத்திருக்கிற நீரோட எடைடா! எடை மெஷினுக்கு நீரும் ஒண்ணு, சதையும் ஒண்ணு. அதனாலதானே போறப்பல்லாம் துணி லூஸ் ஆகுதான்னு உன்னைக் கேட்டாங்க?

— இல்லைன்னு சொன்னேன். இல்லைதானே? வேலைக்குப் போனப்பப் போட்ட பேன்ட், இன்னிக்கும் இடுப்புல கச்சிதமா நிக்குது. லிஃப்ட் மெக்கானிக் உடம்புக்கா, சும்மாவா?

— மாடிப்படி ஏற முடியாத லிஃப்ட் மெக்கானிக்.

— குத்திக் காட்டாத. அந்த டாக்டர் சொல்றதுதான் பொய். பேன்ட் பொய் சொல்லுமா?

— சொல்லும்.

— என்ன?

— நான் சொல்ல வச்சேன். துவைச்சு எடுக்கிறப்பல்லாம் இடுப்புல, தொடையில பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சேன். உன்கிட்ட இருக்கிற எல்லா பேன்ட்டையும்.

— எதுக்கு?

— ஒருநாள் கண்ணாடி முன்னாடி நின்னு, நழுவுற பேன்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அழுதியே. பார்க்கச் சகிக்கலடா.

— அடிப்பாவி! அதை நம்பித்தானே டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்! முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாப்பாட்டுக்கு ஏதாவது வழி பண்ணியிருப்பாங்க. கொஞ்சம் கொஞ்சமா நடக்கவும் பழக்கியிருப்பாங்க.

— தின்னுடா தின்னுடான்னு தினமும் தொண்டை கிழியக் கத்தினது யாரு?

— நீதான். எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு என் இடுப்புலயே தைச்சு வச்சதும் நீதான்!

— கத்தாத. இரைக்குது பாரு.

— இரைக்கட்டும். அந்தக் கத்தரிக்கோலைக் குடு. இந்த பேன்ட்டை இப்பவே பிரிக்கப் போறேன். லூஸா மாட்டிக்கிட்டுப் போய் அந்த டாக்டர் முன்னாடி நிக்கிறேன். என்ன திங்கணும், எப்படி நடக்கணும்னு சொல்லட்டும். இதே பேன்ட்டை ரொப்பிக் காட்டுறேன்.

— அதைப் பிரிக்காதடா.

— ஏன், உன் தையல் போச்சேன்னு வருத்தமா?

— புதுசா ஒண்ணு தைச்சுத் தரேன். கத்தரிக்கோலை வை கீழ.

— புதுசு எதுக்கு? உன் தையல் கடைக்கு வர்றவங்க துணியைப் பிடிச்சுத் தைக்கிறப்ப நீ சொல்லுவியே, உள்ள துணி விட்டிருக்கேன், சதை போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னு. யாருக்கும் அதை ஒட்ட வெட்ட மாட்டியே நீ.

— கையைக் குத்திக்கப் போற. குடுடா இங்க.

— நகரு, வெளிச்சத்தை மறைக்காத... அக்கா.

— சொன்னா கேளுடா.

— எனக்கு மட்டும் ஒட்ட வெட்டிட்டியா? உள்ள துணியே இல்லையேக்கா.