நீங்கள் எடுக்காத விடுப்புகளுக்காக

முப்பத்தோராண்டுகள் ஓட்டுநர் தேர்வாளராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் மூத்த அம்மையாருக்கு, ஓட்டுநர் உரிம அலுவலகப் பணியாளர்கள் பணிந்து அளிக்கும் மடல்

வெயிலுக்கு விலகாத, மழைக்கு மறையாத, பரிந்துரைக்குப் பணியாத பெருமாட்டியீர்,

சாலை விதிகளைச் சட்டப் புத்தகத்தில் விட்டுவைக்காமல் சிந்தையில் சுமந்த செம்மையீர்,

பிரேக் எது, கிளச் எது என்று அறியாமல் வந்தவரையும் ‘வாங்க’ என்று வரவேற்று, ‘இறங்குங்க’ என்று வழியனுப்பிய வாஞ்சையீர்,

வணக்கம்.

பாராட்டு மடலில் பாராட்டு இருக்க வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். மற்றது பின்னால் வருகிறது.

அலுவலகத்தின் பின்புறத்து ஓடுதளத்தில், தார் இளகும் மதியத்திலும் குடையின்றி நின்றவர் நீங்கள். நிறுத்தக் கோடு மங்கினால் மேலிடத்துக்கு எழுதிக் காத்திராமல், வெள்ளை வண்ண டப்பாவோடு தாமே குனிந்து தீட்டியவர் நீங்கள். செயற்கை மேட்டில் கைப்பிரேக்கை விடும்போது வண்டி ஒரு சாண் பின்னுருண்டாலும் பொறுக்காதவர். முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்காதவரை ஓட்டுநர் என்றே ஒப்பாதவர். நாற்பது பேர் வந்தால் பதினெட்டுப் பேர் தேறுவர். மீதிப் பேர் உங்களைத் திட்டியபடி எங்கள் சன்னலுக்கு வந்து அடுத்த தேதி கேட்பர். ‘இறங்குங்க மேடம்’ என்று உங்களுக்குப் பெயர் வைத்தது அவர்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வைத்தது நாங்கள்.

கேள்விப் புத்தகத்தை நெட்டுருப் போட்டு வந்த வங்கி அலுவலர் ஒருவரை இந்த அலுவலகம் மறக்காது. “ஜீப்ரா கிராஸிங்குக்கு முன்னாடி எதுக்கு நிக்கணும்?” என்று கேட்டீர்கள். “இருபத்தாறாம் பக்கத்துல போட்டிருக்கு மேடம்” என்றார் அவர். “பக்கம் ரோட்டைக் கடக்காதுங்க, மனுஷன்தான் கடப்பான். போயி அரை மணி நேரம் அந்த முக்குல நின்னு பாத்துட்டு வாங்க” என்றீர்கள். அவரும் போய் நின்றார். திரும்பி வந்தவர் வேறு மாதிரிதான் ஓட்டினார்.

இனி மற்றது.

இந்த மடலை எழுதும் நான் தேர்வுப் பட்டியல் போடும் எழுத்தர். கல் உடைத்தவர்கள் வீட்டில் பிறந்தவன். வெடி வைக்குமுன் ஊதல் ஊத வேண்டும் என்பது அங்கே விதி. ஊதாமல் வைத்தவனோடு எவரும் மறுநாள் வேலைக்குப் போகமாட்டார்கள். அவ்வளவு தெரிந்த நானும் இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கத்துக்கு உடந்தையாக இருந்தேன். அதைச் சொல்லாமல் இந்த மடலுக்குச் சட்டம் போட்டு மாட்டக் கூடாது என்று சக பணியாளர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். கண் பரிசோதகர் மட்டும், “மாட்டுற எடத்தையாவது கொஞ்சம் உள்பக்கமாப் பாருங்கப்பா” என்றார்.

நீங்கள் விடுப்பு எடுக்கும் நாள்களில் பக்கத்து அலுவலகத்துத் தேர்வாளர் வருவார். அவர் வண்டியில் ஏறி, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கும்போது எல்லோரும் தேறியிருப்பார்கள். ஆகவே நாங்கள் ஒரு தனிப் பட்டியல் வைத்திருந்தோம். உங்களிடம் தோற்ற எங்கள் உறவினர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பெயரெல்லாம் அதில் ஏறும். உங்கள் விடுப்பு விண்ணப்பம் மேலாளர் மேசைக்கு வந்த மறுநிமிடம் நான் தொலைபேசியை எடுப்பேன். உங்களுக்குச் சளி பிடித்தால் இங்கே சிலருக்கு முகம் மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் முகமும் அதில் ஒன்று.

என் தங்கை கணவர் உங்களிடம் மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் ஒரே பிழை. திரும்பும்போது கண்ணாடியை மட்டும் பார்ப்பார், தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்ப மாட்டார். “கண்ணாடில பாத்தேனே மேடம், யாரும் இல்லையே” என்று வாதாடினார். “கண்ணாடிக்குத் தெரியாத எடம் ஒண்ணு இருக்குங்க. அங்கதான் ஆள் வரும். இறங்குங்க” என்றீர்கள்.

உங்கள் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று நீங்கள் விடுப்பெடுத்த நாளில், என் தங்கை கணவரை நான் பட்டியலில் முதலாவதாக எழுதினேன். தேறினார். சரக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. பதினோராவது மாதம், நடைபாதையை ஒட்டி மிதிவண்டியில் வந்த தையல்காரப் பெண் ஒருவர், வேனின் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் இருந்தார். உயிர் தப்பியது. வலது பாதம் போயிற்று. அந்தக் காலால்தான் அவர் தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார்.

என் தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “மூணு தடவ அந்தம்மா எறக்கி விட்டாங்களே, நீ அதோட விட்டிருக்கக் கூடாதா அண்ணே?” மாப்பிள்ளை அன்றோடு வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். இப்போது மூட்டை தூக்குகிறார்.

அம்மையீர், செய்தி கேட்டு நீங்கள் வந்து நின்றது என் மேசை முன்னால். திட்டுவீர்கள் என்று எழுந்து நின்றேன். “அந்த லிஸ்ட்டக் குடுங்க” என்றீர்கள். எங்கள் ரகசியம் உங்களுக்கு எத்தனை காலமாகத் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை போக, அப்படித் தேறியவர்கள் நாற்பத்து மூன்று பேர் அதில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் உங்கள் கையெழுத்தில் கடிதம் எழுதினீர்கள்: அலுவலகம் திறக்குமுன் காலை ஏழு மணிக்கு வாருங்கள், ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள், கட்டாயம் இல்லை, கட்டணம் இல்லை, என் மன நிம்மதிக்காக. “பாஸ் பண்ணினவன நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்குறீங்களே மேடம்” என்று அவர்களில் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். “பாஸ் பண்ணது நீங்க இல்லைங்க. நான் வராத நாளு” என்று சொல்லிவிட்டு, சீட் பெல்ட்டைப் போடச் சொன்னீர்கள்.

இருபத்தொன்பது பேர் வந்து போயினர். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. விஷயம் வெளியே போனால் வேலை போகுமே என்ற பயம். அதற்கு அலுவலக மானம் என்று பெயர் சூட்டினோம். நீங்கள் அதிகாரமின்றிப் பொதுமக்களை அலைக்கழிப்பதாக மனு எழுதி, இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பினோம். கடிதங்களை நிறுத்தச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வந்தது. நிறுத்தினீர்கள். எங்களில் ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. மறுநாளும் என் சன்னலைக் கடக்கையில், “சாப்டீங்களா?” என்று கேட்டீர்கள்.

ஆனால் அதற்குப் பிறகு ஐந்தாண்டுகளில் நீங்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பட்டியல் வைக்கும் வழக்கத்தை நாங்கள் அன்றே விட்டுவிட்டோம். விட்டதை நீங்கள் நம்பவில்லை. நம்புவதற்கு நாங்கள் என்ன செய்திருந்தோம்? காய்ச்சலோடு வந்து மேட்டடியில் நின்றீர்கள். உங்கள் கணவர் இரண்டாம் முறை கண் சிகிச்சைக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவமனைப் படியேறினாராம். அந்த நேரத்தில் நீங்கள் இங்கே ஒரு லாரிக்காரரைப் பார்க்கிங் போட வைத்துக்கொண்டிருந்தீர்கள். முப்பத்தோராண்டு உழைப்பை இந்தத் துறை உங்களிடம் வாங்கியது. அதற்குச் சம்பளம் தந்தது. அவர் கையைப் பிடித்திருக்க வேண்டிய அந்த ஒரு பகலை வாங்கியது நாங்கள். அதைத் திருப்பித்தர எங்களிடம் எதுவும் இல்லை.

நேற்று உங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது, விலாசம் எழுதி ஒட்டியும் அனுப்ப முடியாமல் போன பதினான்கு உறைகள் இருந்ததை ஓடுதள உதவியாளர் பார்த்தார். அவற்றை நீங்கள் கிழிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். அம்மையீர், இந்த விழா முடிந்ததும் அவற்றை எங்களிடம் தாருங்கள். அஞ்சலில் போட மாட்டோம்; ஆளுக்கொரு வீடாக நேரில் போவோம். வசவு கிடைத்தால் வாங்கிக்கொள்வோம். உங்கள் இடத்துக்கு வரும் தேர்வாளர் காலை ஏழு மணிக்கு ஓடுதளத்தில் நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அதே இருபத்திரண்டு பேரும் கையெழுத்திட்டு இன்று காலை அனுப்பிவிட்டோம். இவ்வளவுக்குப் பிறகும் உறைகளை எங்களிடம் ஒப்படைக்க உங்களுக்கு மனம் வராவிட்டால், அதுவும் நியாயமே.

நீங்களும் உங்கள் கணவரும் நோயின்றி, நெடுநாள், நிம்மதியாக வாழ வாழ்த்துகிறோம். வாழ்த்து மட்டும் போதாது என்பதை உங்களிடம்தான் கற்றோம். நாங்கள் தேற வைத்த பதினான்கு பேர் இன்னும் இந்த ஊர்த் தெருக்களில் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களைத் தேடி முடிக்கும்வரை, பச்சை விளக்கு எரிந்தாலும் வண்டிகள் நின்றுவிட்டனவா என்று பார்த்துவிட்டே சாலையில் காலை வையுங்கள்.

இங்ஙனம்,
வருத்தத்தோடும் நன்றியோடும்,
பட்டியல் எழுத்தர், கண் பரிசோதகர், ஓடுதள உதவியாளர், மேலாளர் உள்ளிட்ட
அலுவலகப் பணியாளர்கள் இருபத்திரண்டு பேர்