ஏணி வருகுது

படம் கொஞ்சம் பிந்தினாலும் எனக்குப் பொறுக்காது, ஐயா. ஆள் கையைத் தூக்கியதற்கும் திரையில் அந்தக் கை எழும்புவதற்கும் இடையில் ஒரு கண்ணிமைப்பு இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். கொக்குவிலில் என் கடையில் கமெரா வாங்கிப் பூட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜெயசுதன் பூட்டினால் படம் தண்ணீர்போல ஓடும் என்பார்கள். தற்பெருமை என்று நினைக்கவேண்டாம். பிறகு சொல்லப்போவதற்கு இது தேவைப்படும்.

நானும் யதுசனும் ரிமோட்டில் ஓடும் சண்டை டாங்கி செய்தோம். முழங்கால் உயரம்கூட வராது. அதன் தலையில் ஒரு கமெரா. அது காட்டுவதை லப்டொப்பில் பார்த்தபடி ஓட்டலாம், எதிராளியின் டாங்கியைக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரால் சுடலாம். நாலு அடி வாங்கினால் டாங்கி தானாகவே படுத்துவிடும். கமெராவும் படமும் என் பொறுப்பு. டாங்கியை இயக்கும் புரோகிராம் முழுவதும் அவன் எழுதியது. எதிராளியைப் பகிடி பண்ணுவதற்கென்று ஒரு ஸ்பீக்கரும் மைக்கும்கூடப் பூட்டினான். "என்ன மச்சான், எண்ணெய் முடிஞ்சுதோ?" என்று டாங்கி கேட்கும். நல்லூரில் மண்டபம் எடுத்து விளையாடும்போது சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவன் என்னைவிட நன்றாக இளையவன். என் அண்ணன்மார் பிரான்சில். கூடப் படித்தவர்கள் கனடாவில். குருநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் ஒருவன்தான் இருந்து சாப்பிடுகிறேன். பின்னேரம் அவன் கடைக்கு வந்து "அண்ணை" என்று கூப்பிட்டால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். நோர்வேயில் படிக்க அவனுக்கு இடம் கிடைத்தபோது முதலில் கைகொடுத்தவன் நான். எல்லோரும் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனுக்குக் கொழும்பு பஸ், மறுநாள் விமானம். "கடைசியா ஒருக்கா ஓடிப் பாப்பம், அண்ணை" என்று அன்று காலையில் அவன்தான் கேட்டான். நீர்வேலியில் அவர்களுடைய வாழைத்தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் எல்லையில் ஒரு பாழ்ங்கிணறு இருக்கிறது. ஒரு பக்கம் கட்டு இடிந்து, தண்ணீர் வற்றிக் கனகாலம். பக்கத்து வேம்பில் இன்டர்நெட் றூட்டரைப் பற்றரியோடு கட்டினோம். அதன் வழியாக டாங்கி காட்டும் படத்தை எங்கே இருந்தும் பார்க்கலாம், எங்கே இருந்தும் டாங்கியின் வாயால் கதைக்கலாம்.

ரிமோட் என் கையில் இருந்தபோது டாங்கி கிணற்றுக்குள் விழுந்தது. சிக்னல் போய்விட்டது என்றேன். அதை விட்டுவிட்டு அவன் போகமாட்டான் என்று எனக்குத் தெரியும். போட்டிருந்த சேட்டைக் கழற்றி, போனை அதற்குள் சுற்றி வைத்துவிட்டு, வேம்பில் கயிறு கட்டி இறங்கினான். கீழே சருகு நிறைந்திருந்ததால் டாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. "படம் வருதோ, அண்ணை?" என்று அடியிலிருந்து கேட்டான். வந்தது. நல்ல துல்லியமான படம். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

"கட்டு அவிண்டு போச்சு, யது. ஏணி எடுத்துக்கொண்டு வாறன். கத்தாதை, தொண்டை காயும்" என்றேன். அவன் கீழே நின்று சிரித்தான். பஸ் போகும்வரைதான் என்பது என் எண்ணம். ஒரு பஸ்ஸைத் தவறவிடுவதால் யாரும் செத்துப்போவதில்லை. விமானம் போனால் அந்த வருடப் படிப்பும் போகும், அடுத்த வருடத்துக்கு யார் கண்டது, அதற்குள் அவனுக்கே மனம் மாறலாம். அவனுடைய சேட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன்.

கடையில் ஒரு பெரிய திரை உண்டு. வாடிக்கையாளர்களின் வாசல், மதில், மாட்டுக்கொட்டில் எல்லாம் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டத்தில் யதுசன் இருந்தான். ஆள் இல்லாத நேரமெல்லாம் மைக்கில் கதைத்தேன். ஏணி வருகுது என்றேன். லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றியாயிற்று என்றேன். டயர் காற்றுப் போய்விட்டது, ஒட்டிக்கொண்டு வருகுது என்றேன். சோளகக் காற்றில் வாழையிலைகள் அடித்த சத்தத்தில் அவன் கத்தியிருந்தாலும் வெளியே கேட்டிராது. ஆனாலும் அவன் கத்தவில்லை. நான் சொன்னதைக் கேட்டான்.

பஸ் போன பிறகு நான் உண்மையிலேயே ஏணி ஒன்றை லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன், ஐயா. நீர்வேலிச் சந்திவரை போனேன். போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கமெராவுக்கு நேரே வந்து குந்தினான்.

"அண்ணை, ஒண்டு யோசிச்சனான். சிக்னல் போனா டாங்கி அந்த இடத்திலையே நிக்கும். அப்பிடித்தான் நான் எழுதினனான். இது நிக்காமல் வந்து விழுந்திருக்கு. அப்ப சிக்னல் போகேல்லை. நீங்கள்தான் ஓட்டி விழுத்தினீங்கள்." அண்ணாந்து கிணற்று வாயைப் பார்த்தான். "கயிறும் நீங்கள்தானே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் வழமையாகச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் கெட்டிக்காரன், அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் அந்தக் கதையை மேலே வந்த பிறகு சொல்லியிருக்கலாம். நான் லான்ட்மாஸ்ரரைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு அகப்பட்டது நான். அவனுக்கு ஒரே ஒரு கவலை, வெளியே வருவது. எனக்கோ அவனை எடுத்தாலும் முடிந்தது, எடுக்காவிட்டாலும் முடிந்தது. நேரம் போகப் போக, ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வியும் வளர்ந்துகொண்டு போனது. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அண்ணை. அம்மாவாணை" என்றான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவனுக்குப் பொய் சொல்ல வராது. தாய் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்லிவிடுவான்.

அந்தத் தாய் மறுநாள் காலை கடைக்கு வந்தார். ஜெயகௌரி அன்ரி எனக்கு எத்தனையோ தடவை சோறு போட்டவர். திரைக்குப் பின்பக்கமாகக் கதிரையில் இருந்தார்.

"தம்பி, உவன் யது உங்கை வந்தவனோ? பயணப் பெட்டி கட்டினபடி கிடக்கு. போனும் வேலை செய்யேல்லை."

"தோட்டத்திலையிருந்து என்னோடைதான் வந்தவன், அன்ரி. சந்தியிலை இறங்கினவன். தூரப் பயணம் எண்டாப் பெடியளுக்கு மனம் கலங்கும். வந்திடுவான்."

நான் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். திரையில் அவன் அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீராக இருக்கலாம். அன்ரி என் கண்கள் திரையில் நிற்பதைக் கவனித்தார்.

"உதுக்குள்ளை ஊர் முழுக்கத் தெரியுமாம். எங்கடை தோட்டப் பக்கம் தெரியாதோ, தம்பி?"

"இல்லை, அன்ரி. அங்கை கமெரா இல்லை."

அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் பொலிசுக்குப் போனார். அன்று மத்தியானம் அவன் கிணற்றுக் கல்லைப் பிடித்து ஏறப் பார்த்து விழுந்தான். கால் மடங்கிய விதத்தைப் பார்த்தபோதே முறிந்துவிட்டது என்று விளங்கியது. அதன் பிறகு அதிகம் கதைக்கவில்லை. தண்ணீர் கேட்டபோது, ஏணியோடு வருகுது என்றேன்.

அவன் எழுதிய புரோகிராமில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சிக்னல் போனால் திரை கறுக்காது. கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும், ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்பதற்காக. மூலையில் இருக்கும் மணிக்கூடு நிற்பது மட்டும்தான் அடையாளம். வியாழக்கிழமை காலை டாங்கியின் பற்றரி இறங்கியது. அவன் சுவரில் சாய்ந்து, கண் திறந்தபடி கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படம் நின்றது.

வாழைக்குலை வெட்டப் போனவர்கள் வேம்பில் தொங்கிய றூட்டரைக் கண்டு சொல்ல, சனிக்கிழமை நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். அதுவரை அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், உயிரோடு இருக்கிறான் என்று நினைத்தேன், மணிக்கூடு நின்றதைக் கவனிக்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். வாக்குமூலத்தில் அதை வெட்டிவிடுங்கள். கண்ணிமைப்பு பிந்தினாலே பொறுக்காதவன் நான். நின்ற உடனேயே கண்டேன். அதற்குச் சற்று முன்னால்கூட அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. அப்போது போயிருந்தாலும் அவனை உயிரோடு எடுத்திருக்கலாம்.

நான் போகவில்லை. கடைக் கதவைச் சாத்தி, திரை முழுவதும் அவன் முகத்தை எடுத்து வைத்து, நீங்கள் வரும்வரை மைக்கில் ஏணி வருகுது, ஏணி வருகுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாங்கியை ஓட்டி விழுத்தியதும் நான், கயிற்றை அவிழ்த்ததும் நான், யதுசனைக் கொன்றதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவனைத் தனியே விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. கடைசிவரை நான் அவனோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தேன்.