பூட்டு இல்லாத வார்டு

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காலை, மட்டாஞ்சேரி படகுத்துறையில் எறணாகுளம் போகும் படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்திக்குக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டதே எங்க அண்ணாவாக்கும்,” என்றாள் ஒருத்தி.

மற்றவள் திடுக்கிட்டாள். “பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா? காவல்காரன் எங்கே போனான், கோமு?”

“பதினோரு வருஷமா கம்பிக்கு வெளியில நின்னுதானே அண்ணாவைப் பார்த்திருக்கேன் லட்சுமி! இப்போ வந்திருக்கற டாக்டர், பகல்ல வார்டைப் பூட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாராம். ஏதோ புது மாத்திரையும் தரா. அது தெரியாம, நான் பழையபடி வெளியிலயே நின்னுண்டிருந்தேன். அண்ணா வந்து, ‘ஏன் அங்கேயே நிக்கறே கோமு? உள்ளே வா’ன்னான்.”

“உன் பேரைச் சொன்னானா!”

“சொன்னான். பக்கத்துல உட்கார்ந்து, நான் கொண்டுபோன இட்லியைத் தன் கையாலயே எடுத்துச் சாப்பிட்டான். வெளியில ரெண்டு பேர் செடிக்குத் தண்ணி விட்டுண்டிருந்தா. வாசல் கேட்டு திறந்துதான் கிடந்தது. ஒருத்தரும் ஓடலை.”

லட்சுமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “பகவானே! வேற என்ன பேசினான்?”

“ரொம்ப நாழி என் முகத்தையே பார்த்தான். அப்புறம், ‘உனக்கு எப்போடி நரைச்சது?’ன்னு கேட்டான்.”

படகு வந்து மணி அடித்தது. வரிசை நகர்ந்தது.

“நீ என்ன சொன்னே?”

“தொட்டுப் பார்க்கட்டும்னு தலையைக் குனிஞ்சு கொடுத்தேன்.”