இதோ கொண்டு வரேன்

"செத்துப் போனவங்களுக்குத் தாகம் எடுக்குமா, மாமா?"

ஆல்பனியில் இருக்கும் என் தோழி ஸ்வர்ணாவின் மகள் நிலானி கேட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு திருவிழாவுக்குப் போகும் வழியில், காரில் கேட்டாள்... மெழுகுவத்தி அணைவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த மாமா, ஸ்வர்ணாவின் அண்ணன் பழனிசாமி. ஈப்போவிலிருந்து இரண்டு வாரம் தங்க வந்தவர். மனைவி வேதவள்ளி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் வேதவள்ளி ஒரு வாய் தண்ணீர் கேட்டிருக்கிறாள். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. "இதோ கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒளிந்து நின்றார். அவளைத் தள்ளிக்கொண்டு போகும் வரை உள்ளே வரவேயில்லை. அவள் கண் விழிக்கவும் இல்லை.

தண்ணீர் கொடுக்காதது தப்பில்லை. திரும்பிப் போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம்... அவ்வளவுதான்.

மார்ச் மாதம். ஆல்பனிக்குப் பக்கத்து ஊரான கூமியூவில் வைன் திருவிழா. அண்ணன் கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்று ஸ்வர்ணா அழைத்துப் போனாள். புல்வெளி, கிட்டார், வறுத்த மீன் வாசனை. வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குண்ணா. யாருது எதுன்னே தெரியல."

"உன் அண்ணி இருந்தா நெத்திப் பொட்டை எடுத்து அடையாளத்துக்கு ஒட்டியிருப்பா லா. கல்யாண வீட்டுல அதானே அவ வேலை!"

"அப்புறம் என் பொட்டு எங்கேன்னு நம்மளையே திட்டுவாங்க!"

எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்தார்.

மாலை ஏழு மணி. கூட்டம் கலைந்தது. கார் நின்ற இடத்துக்குத் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மண் பாதை. தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்வர்ணா முன்னே போய்விட்டாள். இவர் தனியாக, மெதுவாக வந்தார்.

பறவைகள் கொத்தாமலிருக்கக் கொடிகள் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். வரிசை வரிசையாக... வார்டில் கட்டில்கள் கிடப்பது போல. காற்றே இல்லை. ஒரு வலை மட்டும் ஏறி... இறங்கியது. டெட்டால் வாடை.

"தண்ணி..."

அவர் நின்றார்.

"கொண்டு வரேன்னீங்களே..."

அவர் ஓடினார். கார் பக்கம் அல்ல. பாதையோரத் தண்ணீர்க் குழாய் பக்கம். கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையை நிரப்பினார். அவசரத்தில் பாதி சிந்தியது. மறுபடி நிரப்பினார். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி. வலை அசைந்த வரிசையின் செடியடியில் கோப்பையை வைத்தார்.

"நேரமாயிடுச்சு வேதா... மன்னிச்சிரும்மா."

அவளுக்கு யார் முன்னாலும் அண்ணாந்து குடிக்கக் கூச்சம். அதனால் திரும்பி நின்றுகொண்டார். பாதையில் வேறு யாரும் இல்லை.

மடக்... மடக்... மடக்.

டெட்டால் வாடை போய்விட்டது. வலை அசையவில்லை.

இதைத் தங்கையிடம் சொல்லவே அவருக்கு ஒரு வருடம் ஆனது. திரும்பிப் பார்த்தபோது கோப்பை காலியாம். மண்ணில் ஈரம் இல்லை. கோப்பையின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

தொட்டுப் பார்த்தார்... இன்னும் கதகதப்பாக இருந்தது.