பின் புஷ்

சண்டை முடிந்த அடுத்த வருடம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். யன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

"மச்சான்ட கார் கிறீச்செண்டு கத்தினாத்தான் காக்கா, எனக்குச் சோறு இறங்குது."

பக்கத்தில் இருந்த, வயதில் மூத்த தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பழைய ரப்பர் தேஞ்சி போச்செண்டு போன மாசம்தானே பின் சில்லுப் பக்கத்துப் புஷ் ரெண்டும் புதுசாப் போட்ட?"

"ஓம். கராஜில கார் திருத்துற பாஸ் காரை ஜாக்கில தூக்கி வெச்ச மாதிரியே நட்டை இறுக்கிட்டான். கீழ இறக்கி, டயரில பாரம் ஏறினதுக்குப் புறகுதான் இறுக்கணும். இல்லாட்டி ரப்பர் முறுகிக் கிழிஞ்சிரும்."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"பக்கத்திலதான் நிண்டன்."

"நிண்டும் சொல்லல்லையா?"

"சுனாமி வந்த அண்டைக்கு அவன்ட கார் சம்மாந்துறையில நிண்ட. என்ட கார் கடலோரத்து வீட்டு வளவுக்குள்ள நிண்ட. கடலுக்கு என்டதான் கிடைச்ச. இத்தின வருசமா அவன் என்னத் தாண்டி ஹோன் அடிச்சிக்கிட்டுப் போறான். நான் பஸ்ஸில போறன்."

தொப்பிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் காருக்குள்ள உன்ட தங்கச்சியும் புள்ளைகளும்தானே போறாங்க?"

காரைதீவு தாண்டும்வரை யன்னலோரத்தில் இருந்தவர் வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி முன் சீட்டிலதான் இரிப்பா," என்றார்.